வீட்டுக்கொரு சிறு தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்: வாங்க முன் பார்க்க வேண்டியவை

பிரித்தானியாவில் செப்புக் கம்பி வழியே வந்த பழைய தொலைபேசிச் சேவை 2027 ஜனவரி 31 உடன் முடிவுக்கு வருகிறது. இனி வீட்டுத் தொலைபேசியும் இணையத்தின் வழியேதான் இயங்கும். மாற்றம் பற்றிய கடிதம் வந்ததும், மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: மேல்மாடி, கீழ்மாடி, பின்னறை அலுவலகம் எல்லாவற்றையும் இணைக்கும் சிறு எக்ஸ்சேஞ்ச் ஒன்றைப் போட்டுவிடலாமா?

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதிக்கொள்வோம். வீட்டில் யார் யார் தொலைபேசி எடுக்கிறார்கள்? ஒரே நேரத்தில் எத்தனை வெளி அழைப்புகள் தேவை? எத்தனை இலக்கங்கள் வேண்டும்? எதை வாங்குவது என்பது இந்தப் பதில்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலாவது தெரிவு, டெக்ட் வகைக் கம்பியில்லாத் தொலைபேசி. ரூட்டரில் செருகும் ஒரு தளக்கருவியும் நான்கைந்து கைக்கருவிகளும் போதும். ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குக் கதைக்கலாம். வந்த அழைப்பை மாற்றிக் கொடுக்கலாம். வெளி அழைப்பு பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றுதான். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தாராளம்.

இரண்டாவது, எஸ்ஐபி முறையை ஏற்கும் டெக்ட் தளக்கருவி. வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என இரு இலக்கங்களை வைத்து, ஒரே நேரத்தில் இருவர் வெளியே கதைக்கலாம். ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும்.

மூன்றாவது, முழுமையான பிபிஎக்ஸ். ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஏற்றி இதை அமைக்கலாம். மென்பொருளுக்குக் காசில்லை, பராமரிப்புக்கு ஆள் வேண்டும். அமைத்துத் தந்த மகன் பல்கலைக்கழகம் போனபின் அது பழுதானால் யார் திருத்துவது?

கணக்கை ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்ப்போம். கருவியின் விலையோடு மாதக் கட்டணம், பற்றரி, மின்சாரம் எல்லாம் சேரும். 10 வாட் கருவி இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 88 யூனிற் மின்சாரம் செலவாகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மின்வெட்டு. பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது; வீடு இருண்டாலும் 999 அழைக்க முடிந்தது. இனி ரூட்டர் நின்றால் தொலைபேசியும் நின்றுவிடும். கைத்தொலைபேசிச் சிக்னல் இல்லாமல் வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போருக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம்மின் வழிகாட்டல். அப்படியானவர் வீட்டில் இருந்தால் சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்குவோம். நாமே பற்றரி வாங்கினால் ரூட்டர், ஃபைபர் பெட்டி, தளக்கருவி மூன்றுக்கும் அது மின் கொடுக்க வேண்டும்.

கழுத்தில் அவசர அலாரம் அணியும் முதியவர் இருந்தால், மாற்றத்துக்கு முன்பே தொலைபேசி நிறுவனத்துக்கும் அலாரம் நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். வீடு மாறினால் இணைய இலக்கத்தோடு பதிந்த முகவரியையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போகக்கூடும்.

பழைய இலக்கம் வேண்டுமென்றால், அது புதிய நிறுவனத்துக்கு மாறி முடியும்வரை பழைய இணைப்பை நிறுத்தக் கூடாது.

பிபிஎக்ஸ் வைப்போர் கடவுச்சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். இலகுவான சொல் வைத்தால் திருடர் இணையம் வழியே நுழைந்து விலை கூடிய வெளிநாட்டு இலக்கங்களுக்கு அழைப்பார்கள். பில் நமக்கு வரும். இலங்கைக்கான 94 போன்ற தேவையான நாடுகளை மட்டும் திறந்து, முற்பணக் கணக்கில் சிறு தொகை வைத்திருப்பது நல்லது.

எல்லாம் பொருத்தியபின் ஒருநாள் வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, அம்மாவின் கையிலுள்ள தொலைபேசியிலிருந்து நமது கைத்தொலைபேசிக்கு அழைக்கச் சொல்வோம். மணி அடிக்காவிட்டால் பற்றரி ஏற்பாட்டை அன்றே சரிசெய்துவிட வேண்டும்.