வேருக்கும் ஒரு பெயர் உண்டு

மாங்கன்று வாங்கப் போனால் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: "இது என்ன ரகம்?" இமாம்பசந்த், பங்கனப்பள்ளி என்று விடை வரும். அது மேலே கட்டிய ஒட்டுக்குச்சியின் பெயர். கீழே மண்ணைப் பற்றி நிற்கும் வேர்ச்செடி எந்தக் கொட்டையில் முளைத்தது என்று நாம் கேட்பதில்லை. இந்த மறதி நெடுங்காலத்தது.

அந்தலுஸின் வேளாண் அறிஞர்கள் இதை மறக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் டொலிடோவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால், மரங்களை எண்ணெய், பிசின், பால், நீர் எனச் சாற்றின் தன்மையால் வகுத்து, எதன்மேல் எது ஒட்டும் என்று ஆராய்ந்தார். அடுத்த நூற்றாண்டில் செவில்லின் இப்னுல் அவ்வாம், முன்னோரின் இத்தகைய அறிவைக் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் தொகுத்தார். சாற்றை வைத்து வகுத்ததை இன்றைய தாவரவியல் ஏற்பதில்லை. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி சரியானதே.

மாவின் வரலாறு நம் நாட்டில் வேறு வழியில் சென்றது. அக்பர் தர்பங்காவில் ஓர் இலட்சம் மாமரங்களை நடச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. மரத்தைச் சுற்றிப் பாலும் வெல்லப்பாகும் ஊற்றினால் கனி இனிக்கும் என்று அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரியில் எழுதுகிறார். அப்போதும் நாட்டம் கனியின்மீதுதான்! தொட்டியில் வளர்ந்த கன்றைத் தாய்மரத்தின் கிளையருகே தூக்கிக் கட்டி, இரண்டும் கூடியபின் அறுத்தெடுக்கும் நெருக்கு ஒட்டினால் தசேரியும் லங்ராவும் பெயர் மாறாமல் பரவின. தொட்டிக் கன்றுக்கு மட்டும் பெயரில்லை. மலிஹாபாத்தின் ஹாஜி கலீமுல்லாஹ் கான் ஒரே மரத்தில் ஏறத்தாழ 300 ரகங்களை ஒட்டிப் புகழ்பெற்றார். 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். முந்நூறையும் தாங்குவது ஒரே அடிமரம்.

பெயரில்லாததால் என்ன குறை? வட இந்திய ரகங்களின் கொட்டை பெரும்பாலும் ஒரே முளை விடும். அது மகரந்தக் கலப்பில் பிறந்தது, ஒவ்வொன்றும் வேறு. ஆகவே ஒரே ரகக் கன்றுகளை ஒரே நாளில் நட்டாலும் ஒன்று வானுயர வளரும், ஒன்று குன்றும். மேற்குக் கடற்கரை ரகங்கள் பலவற்றின் கொட்டையிலோ பல முளைகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை தாயின் நகல். அவற்றில் ஒட்டினால் தோட்டம் சீராக நிற்கும். யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த வெள்ளைக்கொழும்பானும் பலமுளை ரகமே. அதன் வேரில் ஒட்டிய அல்போன்ஸா மரம் குட்டையாக அடங்குவதை இந்திய ஆய்வாளர்கள் கண்டனர். குட்டை மரத்தில் காய் பறிப்பது எளிது. இஸ்ரேலில் சுண்ணாம்பு மண்ணையும் உப்பையும் தாங்கவென்றே '13-1' என்ற வேர்ச்செடியைத் தேர்ந்தனர்.

இங்கே நாற்றுப்பண்ணைகள் கைக்குக் கிடைத்த கொட்டையை விதைப்பதற்கும் காரணம் உண்டு: மாங்கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். பெயரறிந்த வேர் வேண்டுமெனில், பலமுளை ரகத் தாய்மரம் அருகிலேயே இருக்கவேண்டும். பழம் தின்ற கையோடு கொட்டையை விதைக்கவேண்டும். எழும் முளைகளைத் தனித்தனியே பிரித்து, உருவில் மாறுபட்டதைக் களைந்துவிட்டு, எஞ்சியவற்றிலேயே ஒட்டுக் கட்டவேண்டும்.