பிடி அரிசியிலிருந்து பள்ளிக்கூட ஃபீஸ் வரை



நம்ம கரிசல் காடு வானம் பார்த்த பூமி. உளுந்தும் பருத்தியும் ஏமாத்தின வருசம் தீப்பெட்டி ஆபீஸ்தான் கஞ்சி ஊத்தியது. என் அம்மா மூணாம் வகுப்போடு தீப்பெட்டி ஒட்டப் போனவர். "எம் பேத்தியாவது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிக்கணும்" என்பது அவர் ஆசை.

பிள்ளை படிப்புக்கு ஊர் கூடிப் பணம் சேர்ப்பது நமக்குப் புதுசு இல்லை. பக்கத்து விருதுநகரில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வியாபாரிகளின் மகமைப் பணத்தில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அதுவும் அந்தப் பள்ளிக்குப் போனது. காமராஜர் படித்தது அங்கேதான்.

அந்தப் பிடி அரிசிதான் நம்ம சந்தா. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பிறகு நம்ம பக்கமும் வந்தன. எங்கள் குழு நோட்டைப் புரட்டினால், ஜூன் மாதக் கடன்களில் பாதி "பள்ளி ஃபீஸ்" என்றே இருக்கும். 2014-ல் மூத்தவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க நானும் வாங்கினேன். அதை அடைத்து முடிப்பதற்குள் அடுத்த ஜூன் வந்துவிட்டது.

அப்போது ஒரு விசயம் எனக்குத் தெரியாது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கணும். மனு கூடினால் குலுக்கல்.

2017-ல் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா இதைச் சொன்னார். வருமானச் சான்று வாங்கி மனுப் போட்டேன். குலுக்கலில் சின்னவள் பெயர் வந்தது. மூத்தவளுக்குக் கடன், சின்னவளுக்கு உரிமை. ஒரே வீடு, ஒரே வருமானம். வித்தியாசம், தகவல் ஒன்றுதான்.

ஆனால் உரிமையும் தானாக வந்து கதவைத் தட்டாது. 2025-ல் மத்திய அரசின் நிதி வராமல், கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை எத்தனை தாய்மார் கடன் வாங்கியிருப்பார்கள்!

எட்டாம் வகுப்போடு இந்த உதவி நின்றுவிடும். சின்னவளை ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறேன். இந்தச் சட்டப்படி எட்டு வரை தனியாரில் படித்து, பிறகு பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஃபீஸுக்குக் கடன் கேட்டு யார் வந்தாலும், பணத்தை எண்ணுவதற்கு முன் "மனுப் போட்டியா தாயி?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியும் ஒரு பிடி அரிசிதான்.