மின்தடை: விளக்கு அணைந்ததா, எரிகிறதா?

தமிழ் நாளிதழில் ‘மின்தடை’ என்று தலைப்பு வந்தால் எங்கோ விளக்கு அணைந்துவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் அதே சொல் மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பைக் குறிக்கும்; விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஆகவே அவர்களுக்குத் தெரிந்த மின்தடை ஒன்றே ஒன்றுதான்: 2018 செப்டம்பர் 18 பின்னிரவில் தீவின் பல வட்டாரங்கள் இருண்டனவே, அந்த வகை.

சொல்லின் வேரைப் பார்த்தால் பாடநூல் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. எடு என்பதிலிருந்து எடை, விடு என்பதிலிருந்து விடை, அதுபோலத் தடு என்பதிலிருந்து தடை. பழைய உரையாசிரியர்கள் ‘தடை விடை’ என்று சேர்த்தே சொன்னார்கள். ஒருவர் மறுத்துக் கேட்பது தடை. அதற்குச் சொல்லும் மறுமொழி விடை. தடை எழுந்ததால் உரை நின்றுபோகவில்லை, கூர்மைதான் பெற்றது. தடை தாண்டும் ஓட்டத்திலும் ஓட்டம் நிற்பதில்லை. எதிர்ப்பது வேறு, முடித்துவைப்பது வேறு.

ஜெர்மானியரான கியோர்க் ஓம் 1827இல் மின்னோட்டம் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, தடையை அளக்க அவரிடம் அலகு எதுவும் இல்லை. ஒரு மின்சுற்றில் உள்ள பொருள்களை, அவற்றுக்கு ஈடான கம்பி நீளமாக மாற்றிக் கணக்கிட்டார். தடை என்பது முதலில் ஒரு நீளமாகத்தான் இருந்தது. அதற்குத் தனி அலகு வேண்டும் என்ற அவசரம் கடலடித் தந்தி வடங்கள் வந்த பிறகே பிறந்தது. அந்தக் கதைக்குள் சிங்கப்பூரும் வருகிறது.

1843இல், சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி ‘கட்டாபெர்ச்சா’ என்ற மரப்பாலின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகும் பொருள் அது. கடல்நீர் அதைக் கெடுப்பதில்லை. மின்சாரத்தை வெளியே கசியவிடாத அளவுக்கு அதன் தடை மிகப் பெரியது. செம்புக் கம்பிக்கு அதை உறையாகப் போட்டுக் கடலடியில் வடம் இறக்கினார்கள். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு அப்படி ஒரு வடம் 1871வாக்கில் வந்து சேர்ந்தது.

நடுக்கடலில் வடம் பழுதானால் எங்கே போய்த் தேடுவது? கரையிலிருந்தே தடையை அளந்தார்கள். வடத்தின் தடை, இன்றைய அலகில், மைலுக்கு 6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பழுதான இடத்தில் கம்பி கடல்நீரைத் தொடுவதால் சேரும் தடையைக் கழித்த பிறகு 1,200 ஓம் நின்றால், கப்பல் 200 மைல் தொலைவில் போய்த் தேடலாம். தடை இங்கே வழிகாட்டியாகவே மாறிவிட்டது! இப்படி அளக்க எல்லோருக்கும் பொதுவான அலகு வேண்டுமே. 1861இல் பிரைட், கிளார்க் என்ற இரு தந்திப் பொறியாளர்கள் மின் அலகுகளுக்கு அறிஞர்களின் பெயரைச் சூட்டலாம் என்றார்கள். 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் ஏற்றது. வாட் 1889இல் சேர்ந்தது.

சிங்கப்பூர் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். சமையலறைக் கெட்டிலின் அடியில் 2,200 வாட் என்று அச்சிட்டிருக்கும். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 9.6 ஆம்பியர். மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் தடை 24 ஓம். அந்த 24 ஓம்தான் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. தடை இல்லாவிட்டால் டீ இல்லை. இதே கணக்கை 3,000 வாட் வாட்டர் ஹீட்டருக்குப் போட்டால் 13 ஆம்பியரைச் சற்றே தாண்டும். நம் மூன்று முள் பிளக்கின் எல்லையே 13 ஆம்பியர்தான். அதனால்தான் ஹீட்டருக்குத் தனி வயர், தனி சுவிட்ச். எக்ஸ்டென்ஷன் வயரில் அதைச் செருகினால் வயரின் சிறு தடையே வயரைச் சூடாக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் அந்தச் சூடு நான்கு மடங்காகும்.

லிட்டில் இந்தியாவை அடுத்த ஜாலான் புசாரில், சிம் லிம் டவர் கடைகளில் இந்தத் தடையை உதிரியாகவே வாங்கலாம். அரிசியைவிடச் சற்றே நீண்ட உடல், இருபுறமும் கம்பி, மேலே வண்ணப் பட்டைகள். மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன் என்றிருந்தால் 4,700 ஓம். ஐந்து விழுக்காடு கூடலாம், குறையலாம். தமிழ்நாட்டுப் பாடநூல் இதை ‘மின்தடையாக்கி’ என்கிறது. இலங்கைத் தமிழர் ‘தடையி’ என்கிறார்கள். எனக்கு இலங்கைச் சொல்லே பிடித்திருக்கிறது. மூன்றெழுத்து, நாவில் நிற்கிறது, குழப்பமும் இல்லை.

மின்சாரம் நின்றுபோனதைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்கா பஞ்சம்? மின்வாரியம் திட்டமிட்டு நிறுத்தினால் மின்வெட்டு. பழுதால் நின்றால் மின்துண்டிப்பு. வீட்டில் ‘கரண்ட் போச்சு’ என்றாலே போதும். சிங்கப்பூரில் தமிழ்ச் செய்தி எழுதுவோரும் தமிழாசிரியர்களும் அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு, மின்தடையை ஓம் கணக்குக்கே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.