பத்துக் கன்னிகைகள் உவமை

பத்துக் கன்னிகைகள் உவமை, மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் முதல் 13 வசனங்களில் உள்ளது. மற்ற மூன்று நற்செய்திகளில் இக்கதை இந்த வடிவில் இல்லை. ஒலிவ மலையில் இயேசு சீடர்களுக்கு உரைத்த இறுதிக்காலப் பேச்சின் பகுதியாக மத்தேயு இதைத் தருகிறார். இரண்டாம் வருகைக்கு ஆயத்தமாயிருப்பது பற்றிய பிரசங்கங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

மணவாளனை எதிர்கொள்ள விளக்கேந்திப் போன பத்துப் பேரில் புத்தியுள்ள ஐவர் மட்டும் கூடுதல் எண்ணெய் எடுத்துச் சென்றனர். அவர் வரத் தாமதமாகவே எல்லோரும் தூங்கிவிட்டனர். நடுராத்திரியில் ‘மணவாளன் வருகிறார்’ என்ற சத்தம் கேட்டது. எண்ணெய் குறைந்தவர்கள் மற்றவர்களிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கதவு அடைபட்டது. விழித்திருக்கச் சொல்லி முடிகிற கதையில் புத்தியுள்ள ஐவரும் உறங்கியதைப் பலர் கவனிப்பதில்லை. குறை உறக்கத்தில் இல்லை, கையிருப்பில்தான்.

அந்த எண்ணெய் எது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. யோவான் கிறிசோஸ்தோம் அதை ஏழைகளுக்கு இடும் தர்மம் என்றார். அகுஸ்தீன் அன்பு என்றார். லூத்தருக்கு அது விசுவாசம். பெந்தெகொஸ்தே பிரசங்கிகள் பெரும்பாலும் பரிசுத்த ஆவி என்பார்கள். எதுவானாலும், கடைசி நேரத்தில் இன்னொருவரிடம் இரவல் வாங்க முடியாதது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

இந்தக் கடுமை இடைக்கால ஐரோப்பாவை உலுக்கியது. ஜெர்மனியின் மாக்டபுர்க் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களாக ஐவர் சிரிக்கிறார்கள், ஐவர் அழுகிறார்கள். 1320களின் தொடக்கத்தில் ஐசனாக் நகரில் இக்கதை நாடகமானது. மரியாளும் புனிதர்களும் மன்றாடியும் புத்தியில்லாத கன்னிகைகள் மீளவில்லை. அதைப் பார்த்த துரிங்கியாவின் ஆட்சியாளர் பிரெடரிக் மனம் கொதித்து நோயில் விழுந்தார் என்று பழைய வரலாற்றேடுகள் கூறுகின்றன. 1323இல் அவர் இறந்தார். இதே கதை ஆறுதலாகவும் பயன்பட்டது. கொள்ளைநோயால் ஊனா நகரம் பிணக்காடானபின் அவ்வூர்ப் போதகர் பிலிப் நிக்கோலாய் இதைக் கொண்டாட்டமான கீர்த்தனையாக்கி 1599இல் வெளியிட்டார். பாக் 1731இல் இசையமைத்த 140ஆம் கந்தாத்தா அதை அடிப்படையாகக் கொண்டது.

அமெரிக்காவில் உவமையே கால அட்டவணையானது. பாப்திஸ்துப் பிரசங்கி வில்லியம் மில்லர் இயேசுவின் வருகைக்குக் கணித்த காலக்கெடு 1844 வசந்தத்தில் கடந்துபோனது. அவரைப் பின்பற்றியோர் அதை மணவாளனின் தாமதம் என்று விளக்கினர். அவர்களில் ஒருவரான சாமுவேல் ஸ்னோ அறிவித்த 1844 அக்டோபர் 22 என்ற நாளே அவர்களுக்கு ‘நடுராத்திரிச் சத்தம்’ ஆனது. நாளும் நாழிகையும் அறியீர்கள் என்கிற 13ஆம் வசனம் அவர்களைத் தடுக்கவில்லை. அந்த நாளும் கடந்தது. கலைந்தவர்கள் போக எஞ்சியோரில் ஒரு சிறு குழு, பரலோகத்தில் கதவு அன்றே அடைபட்டது, வெளியே நிற்பவர்களுக்கு இனி மனந்திரும்ப வழியில்லை என்று சில ஆண்டுகள் நம்பியது. புதியவர்கள் வந்து சேரச் சேர அந்தப் போதனை கைவிடப்பட்டது. அக்குழுவிலிருந்து வளர்ந்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை 1863இல் முறைப்படி அமைந்தது. வருகைக்கு அது நாள் குறிப்பதில்லை.