நிலமும் புரையிடமும்

தில்லியில் என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் அண்மையில் பழைய பத்திரம் ஒன்றைக் கொணர்ந்தார். பாறசாலைக்கு அருகே அவர்தம் பாட்டனார் வாங்கிய இருபது சென்ட் பூமி. அதில் வீடு கட்டிக்கொண்டு ஓய்வுக்காலத்தைக் கழிக்க எண்ணம். பத்திரம் மலையாளத்தில் இருந்தமையால் மொழிபெயர்ப்பாளனாகிய என்னை நாடினார். கொல்லம் ஆண்டு 1112, மேடமாதம் என்று தொடங்கியது. ஆங்கிலக் கணக்கில் அது 1937. இடையில் 'நிலம்' என்றொரு சொல் வந்தது. "இது நம் சொல்தானே, ஐயா, இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு?" என்றார். வில்லங்கமே அந்தச் சொல்லில்தான் இருந்தது.

நேயர்களே, திருவிதாங்கூர்ப் பதிவேடுகளில் நிலம் என்பது நெல் விளையும் வயலை மட்டுமே குறிக்கும். தென்னையும் பலாவும் நிற்கும் மேட்டுப்பூமியும், வீடிருக்கும் மனையும் 'புரையிடம்' எனப்படும். அவ்வாறே பத்திரத்தை அங்கே 'ஆதாரம்' என்பர். பட்டா மாறுதலைப் 'போக்குவரவு' என்பர். பின்னதைக் கேட்டுப் பேருந்து நிலையத்தை எண்ணிக்கொள்வோரும் உண்டு.

இப்பத்திரங்கள் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆயில்யம் திருநாள் ஆட்சியில், மாதவ ராவ் திவானாக இருந்தபோது, 1865-ஆம் ஆண்டு பண்டாரப்பாட்ட விளம்பரம் வெளியாயிற்று. அதுவரை சர்க்கார் பூமியைப் பாட்டத்திற்கு உழுதவன், அதன்பின் அதை விற்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் உரிமை பெற்றான். 1886-இல் வந்த செட்டில்மெண்டு விளம்பரத்தைத் தொடர்ந்து, பூமிகள் அளந்து வகைப்படுத்தப்பட்டன.

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லை விழுந்தது. ஆயினும் அன்று சட்டம் மாறவில்லை. புதிய சட்டமன்றங்கள் மாற்றும்வரை பழைய சட்டங்களே நீடிக்கும் என்று மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு கூறிற்று. பின்னர்தான் இரு கரைகளும் மெல்லப் பிரிந்தன. ஜன்மிகரத்தைக் கேரளம் ஒழித்தது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தால். சென்னை ஒழித்தது 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால். பத்மநாபசுவாமி கோயிலின் ஸ்ரீபண்டாரவகை பூமிகளுக்குச் சென்னை 1964-இலும் கேரளம் 1971-இலும் சட்டம் இயற்றின.

நண்பரைத் தொட்டது 2008-ஆம் ஆண்டுக் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம். இதன்படி வயலை நிரவுதல் குற்றம். வேறு தகுந்த இடமில்லாத உரிமையாளர், தாம் குடியிருக்க ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை அனுமதி கேட்கலாம். அதற்கும் குழுவின் பரிந்துரை வேண்டும். நண்பரின் பூமியிலோ அவர் சிறுவனாக இருந்தபோதே தென்னை நின்றது. மரம் சொல்வதை வில்லேஜ் ஆபீசின் அடிப்படை வரிப்பதிவேடு ஏற்பதில்லை. அங்கே அது இன்றும் 'நிலம்'தான்.

நல்வாய்ப்பாக, வயல்களைக் கணக்கிட்டுத் தயாரித்த தரவுப்பட்டியலில் அந்தப் பூமி சேர்க்கப்படவில்லை. ஊர்க் கிருஷிபவனில் கேட்டறிந்தார். அத்தகைய பூமிகளுக்காகவே 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் 27-ஏ பிரிவைச் சேர்த்தது. வருவாய்க் கோட்ட அலுவலர் அனுமதித்தால் வகையை மாற்றிக்கொள்ளலாம். வீட்டின் வரைபடத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நண்பர் முதலில் அந்த விண்ணப்பத்தை எழுதினார். 'நிலம்' என்ற சொல்லை அதில் நான் மொழிபெயர்க்காமலே விட்டேன்.