முகமறியா ஊருக்கு ஒரு திருமுகம்

பூண்டுலோயாவில் டன்சினன் என்றொரு தோட்டம் உண்டு. அது ஸ்கொத்லாந்து நாட்டு மலையொன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைக் கற்றோர் அம்மலையை அறிவர். துரைமார் தம் ஊர்ப் பெயர்களைக் கொத்மலைப் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுவந்தது போலவே, தம் சமயத்தையும் மலைநாட்டிற்குக் கொண்டுவந்தனர். ஆயினும் அச்சமயம் லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்குத் துரையின் வாய்மொழியாக வந்து சேர்ந்ததில்லை. 1854ஆம் ஆண்டில், கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழருக்கென ஒரு மிஷன் தொடங்கப்பெற்றது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதன் பெயர். இன்று செவிக்கு உறுத்தும் சொல்தான். அன்று அரசாங்க ஏடுகளிலும் அதுவே வழங்கிற்று. அம்மிஷனின் வேலையைத் தோட்டந்தோட்டமாக நடந்து செய்தவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்களே.

அவர்கள் வாசித்துக் காட்டிய புதிய ஏற்பாட்டில், இத்தகைய நிலைமைக்கு மிக நெருங்கிய நிருபம் ஒன்று உண்டு. கொலோசே என்னும் ஊராருக்குப் பவுல் எழுதியதாக அமைந்த திருமுகம் அது.

கொலோசே, இன்றைய துருக்கி நாட்டில், லைக்கஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்த ஊர். ஒரு காலத்தில் பெருநகராக விளங்கியது எனச் செனபோன் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதினார். பவுலின் காலத்திலோ, அண்டை நகரமாகிய லவோதிக்கேயாவின் செழிப்புக்கு முன் அது மங்கிய சிற்றூர். ஆட்டு உரோமமும் அதற்கு ஏற்றும் சாயமுமே அவ்வூரின் வாழ்வு. ஒரே பண்டத்தை நம்பி, தொலைவிலுள்ள சந்தையை நோக்கி வாழும் ஊரின் நிலை எத்தகையது என்பதை மலைநாட்டாருக்கு விளக்க வேண்டுவதில்லை.

அவ்வூர்ச் சபையைப் பவுல் நிறுவவில்லை. அவர்களுடைய முகத்தைக்கூட அவர் கண்டதில்லை. நிறுவியவர் எப்பாப்பிரா என்பவர். அவர் வெளியூரார் அல்லர். அவ்வூராருள் ஒருவர் என நிருபமே கூறுகிறது. அவர் சென்று சொன்ன செய்தியைக் கேட்டு, சிறையிலிருந்த பவுல் தீமோத்தேயுவின் பெயரையும் சேர்த்து இந்நிருபத்தை எழுதினார் என்பது மரபு. பவுலின் மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கலாம் எனக் கருதும் அறிஞரும் உளர். சிறை உரோமாபுரியிலா, எபேசுவிலா என்பதிலும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

இனி வாழ்த்தைக் காண்போம். அக்காலக் கிரேக்கக் கடிதங்கள் யாவும் ஒரே வாய்பாட்டில் தொடங்கும்: எழுதுபவர் பெயர், பெறுபவர் பெயர், மகிழ்ச்சி கூறும் ஒரு சொல். நம்மவர் ‘நலம், நலமறிய ஆவல்’ என எழுதுவது போன்ற சம்பிரதாயமே அது. பவுல் அந்தச் சொல்லைச் சிறிதே திருப்பினார். ‘கைரெய்ன்’ என்னும் வழக்கமான சொல்லின் இடத்தில், அதனோடு ஒலியால் ஒத்த ‘காரிஸ்’ என்னும் சொல்லை இட்டார். அதற்குத் தகுதி பாராது கிடைக்கும் அருள் என்பது பொருள். அதனுடன் யூதர் ஒருவரையொருவர் கண்டவுடன் கூறும் சமாதானத்தையும் சேர்த்தார். இரண்டு இனங்களின் வணக்கச் சொற்கள் ஒரே வரியில் நின்றன. தமிழில் முன்னோர் இவற்றைக் ‘கிருபை’ என்றும் ‘சமாதானம்’ என்றும் பெயர்த்தனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அருள்’, ‘அமைதி’ என எழுதியது. ஓசை நயம் பழைய பெயர்ப்பிலும், தெளிவு புதியதிலும் உண்டு.

வாழ்த்தையும் நன்றியையும் அடுத்து வருகிறது வேண்டுதல். இதுவே நிருபத்தின் உயிர்நிலை. ஆட்டு உரோம வாணிகம் தழைக்க வேண்டும் என்றோ, ஆளுவோரின் தயவு கிடைக்க வேண்டும் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. முதலில் கேட்கப்படுவது அறிவு. கடவுளின் சித்தத்தை உணரும் நிறைவான அறிவு அது. காரணம் உண்டு: இன்ன உணவை உண்ணாதே, இன்ன நாளைக் கொண்டாடு, தேவதூதரை வணங்கு என்று அவ்வூரில் சிலர் குழப்பியிருந்தனர். அறிவு ஒழுக்கமாக மாறவேண்டும் என்பது அடுத்த வேண்டுதல். அதன்பின் நெடிய பொறுமை, துன்பத்திலும் தளராத தாங்குதல், மகிழ்வோடு கூடிய நன்றியறிதல்.

இவற்றினிடையே கனி தருதல், வளர்தல் என்னும் இரண்டு சொற்கள் இணைந்து வருகின்றன. நற்செய்தி உலகெங்கும் கனிதந்து வளர்கிறது எனச் சற்று முன்னர்ச் சொன்ன அதே இணையை, இப்போது அவ்வூர் மக்களின் வாழ்வுக்கு ஆள்கிறார். முதல் உபதேசியார்கள் வந்த காலத்தில் இது தோட்டத்தாருக்கு எளிதாக விளங்கியிருக்கும். கோப்பி பழத்துக்காக வளர்க்கப்படும் செடி. 1869இல் இலைநோய் தோன்றி, பின் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலையோ பூக்கவும் காய்க்கவும் விடாமல் கவ்வாத்து வெட்டப்படுவது! உவமை தோற்றது; ஆனால் சபை நிலைபெற்றது. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்க வந்தோர் பருவம் முடிந்ததும் மன்னார் வழியாக ஊர் திரும்பினர். ஆண்டு முழுதும் கொழுந்து தரும் தேயிலை அவர்களை லயங்களிலேயே குடியிருத்தியது. வந்து போவோரைத் தேடி அலைந்த உபதேசியார்க்கு, வளர்வதைக் கண்டு வேண்டத்தக்க ஒரு கூட்டம் அப்போதுதான் வாய்த்தது.

நிருபத்தைக் கொண்டுசென்றவர் இருவர்: தீகிக்கு, ஒநேசிமு. பின்னவர் அடிமை. அவருடைய எசமானாகிய பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதத்தில், ஒநேசிமு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதுமாறு பவுல் கேட்கிறார். மலைநாட்டிலும் கடன் குறித்த கடிதம் ஒன்று தொழிலாளியோடு சென்றது. அதன் பெயர் துண்டு. இத்தனை ரூபாய்க் கடனைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று அது கூறும். புதிய தோட்டத்தில் அத்தொகை அவன் பேரிலேயே மீண்டும் ஏறும். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் துண்டு முறை ஒழிந்தது.

கொலோசெயர் நிருபம் அடிமை முறையை ஒழிக்கவில்லை. அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படியவும், எசமானர் நீதி செய்யவும் அது கூறுகிறது. இதை மறைப்பது வரலாறு ஆகாது. ஆயினும் ஒநேசிமுவை அவ்வூராருக்கு அறிமுகப்படுத்தும்போது, சபையை நிறுவிய எப்பாப்பிராவுக்கு வழங்கிய அதே சொல்லையே அது வழங்குகிறது: அவ்வூராருள் ஒருவர்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. சென்றவர்களுள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். ஒரே லயத்தில் வாழ்ந்தோரிடையே அதன்பின் கடிதங்களே போய்வந்தன. எஞ்சியோர்க்கு 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே இந்நாட்டுக் குடியுரிமையை வழங்கின.