காயல் துறைமுகமும் குதிரை வாணிகமும்

நம் குலத்தாருட் சிலர், பழைய கல்வெட்டுக்களிற் பயிலும் ‘குதிரைச் செட்டி’ என்னும் பெயரைக் கண்டு மகிழ்ந்து, அதனை மேடைதோறும் எடுத்தோதி வருகின்றனர். முன்னோர் பெருமை பேசுதல் தவறன்று. ஆயினும், அவ்வாணிகத்தின் வரவு செலவு இரண்டையும் நோக்கிய பின்னரே அதன் பெருமை சிறுமைகளைத் துணிதல் முறையாகும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

கடல்வழியே பரிகள் வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அரிமர்த்தன பாண்டியன்பாற் பொன் பெற்றுக் குதிரை கொள்ளச் சென்ற மாணிக்கவாசகர் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும். சோழர் காலக் கல்வெட்டுக்களிற் காணப்படும் குதிரைச் செட்டிகளுட் சிலர் மலைமண்டலத்தார் எனப்படுகின்றனர். இவற்றை ஒருங்கு நோக்கின், நம் வேந்தர் நல்ல பரிகளுக்குத் துறைமுகத்தையே எதிர்நோக்கி இருந்தனர் என்பது விளங்கும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாணிகம் உச்சநிலை எய்திற்று. தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தை அடுத்த காயலே அதற்குத் தலைசிறந்த துறையாய் விளங்கிற்று. ஓர்முசு, கீசு, ஏதன் முதலிய இடங்களிலிருந்து மரக்கலங்கள் அரபுநாட்டுப் பரிகளையும் பாரசீகப் பரிகளையும் சுமந்து வந்தன. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர் என்றும் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியராகிய வசாப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றன் விலை 220 பொன் தினார் என்றும் கூறுகின்றார். அங்ஙனமாயின் மொத்த விலை 22 இலட்சம் தினாராகும். வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரவேண்டும் என்பது உடன்படிக்கை! இப்பெரும் பொருளில் ஒரு பகுதி கோயில் வருவாயினின்று கொடுக்கப்பட்டதென்றும் அவர் குறிக்கின்றார்.

இனி, வாங்கிய பரிகளின் நிலை யாதெனில், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கின்றார் மார்க்கோ போலோ. அவற்றிற்குச் சோற்றொடு ஊனைக் கலந்து ஊட்டினராம். புல்லுண்ணும் விலங்கின் குடல் அதனைத் தாங்குமோ? நோய் தீர்க்கும் பரிமருத்துவரும் இலர். விற்க வந்த வணிகர் அத்தகையாரை அழைத்து வாராததோடு, வருவாரையும் தடுத்தனர். குதிரை மடிந்தாலன்றோ அடுத்த ஆண்டும் விலையாகும்! வெப்பமிக்க இந்நாட்டில் நல்ல பரிக்கும் நல்ல குட்டி பிறவாது என்பதும் அவர் கூற்று. நாட்டின் இயல்பு ஒருபுறமிருக்க, பேணும் அறிவின்மையே பேரிழப்பிற்குக் காரணம் என்பது எம் கருத்து.

இதற்கு மாறாயதொரு காட்சியை இக்காலத்தும் காணலாம். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை எனப் பலவினப் பரிகள் விலைக்கு வருகின்றன. ஆங்கு வாங்குவோர், பல்லைப் பார்த்து வயதறிந்து, சுழி நோக்கி, நடையும் ஓட்டமும் கண்ட பின்னரே விலை பேசுகின்றனர். சுழிக்கணக்கில் உண்மை எத்துணையாயினும் ஆகுக. பொருளை ஆராய்ந்து கொள்ளும் பழக்கம் போற்றத்தக்கதே.

வாங்குவோனது அறியாமையை முதலாகக் கொண்டு வளர்ந்த வாணிகம் எத்துணைப் பெரிதாயினும் அறத்தொடு பட்டதன்று. விற்றவன் பெற்ற ஊதியத்தை மட்டும் பாடுவோமாயின், இழந்த நாட்டின் கணக்கை மறைத்தவராவோம். ஆதலின் நம் இளைஞர், பண்டம் விற்கக் கற்பதோடு, அதனை ஆக்கவும் பேணவும் கற்பாராக. விற்கும் பொருளோடு அதனைப் பேணும் முறையையும் கொள்வானுக்கு எடுத்துரைப்பவனே நல்வணிகன். அத்தகையாரை நம் குலம் மிகுதியாகப் பெறுமாயின், அதுவே மேடைகளில் எடுத்தோதத்தக்க பெருமையாகும்.